மூன்று கை உப்பு

ஈப்போ பஸ் நிலையத்துக்குப் பின்னால் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடையில் எல்லாம் அப்பாதான். ஆட்டுக்கறிக் குழம்பை இறக்குமுன் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். அவர் கண்ணைத் திறக்கும்வரை கடையே மூச்சு விடாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமனை அம்மா கடைக்கு அழைத்து வந்து வருஷங்கள் ஆகியும், அவர் வெங்காயத்தைத் தாண்டி முன்னேறவில்லை. "அவன் உப்புப் போட்டா அப்புறம் ஆளு வராது" என்பார் அப்பா. அம்மாவின் முகம் சுண்டிப் போகும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் தம்பி விஷக்காய்ச்சலோடு பக்கத்து ஊரான பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அப்பா வேண்டிக்கொண்டார். தம்பி பிழைத்து வந்து பழையபடி என்னைக் கடிக்கவும் தொடங்கினான். வேண்டிக்கொண்டபோது அப்பாவுக்குக் கடையின் நினைவு வரவில்லை போலும். விரதம் இருப்பவர் ஆட்டுக்கறியை ருசி பார்ப்பதாவது! கறி வேகும் அடுப்படியில் காலே வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விரதம் முடியும்வரை கடையை மூடலாம் என்றால், எதிர்ச்சாரியில் புதிதாகக் கடை போட்டிருந்தவர் எங்கள் கடைக்கு வரும் லோரிக்காரர்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அப்பா பயந்தார்.

ஆகவே கரண்டி மாமாவின் கைக்குப் போனது. வாய் மட்டும் அப்பாவிடமே இருந்தது. அடுப்படி வாசலுக்கு வெளியே நின்று வாசத்தை மூக்கால் உறிஞ்சி உறிஞ்சி உத்தரவு போடுவார்.

"மூணு கை உப்புப் போடு!"

மாமா போட்டார். அப்பாவுக்குச் சின்னக் கை. மாமாவுக்கு மண்வெட்டி.

அன்று மதியம் ஒரு லோரிக்காரர் முதல் வாயிலேயே தண்ணீர்க் குவளையைத் தேடினார். "அண்ணே, கடல் தண்ணியிலயா ஆக்குனீங்க? வாயில வைக்க முடியலலா!" என்றார். இன்னும் சிலர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எதிர்க்கடைக்கே போய்விட்டார்கள்.

அப்பா அடுப்படி வாசலுக்கு ஓடினார். "ருசி பாத்தியாடா?"

"நீங்க பாக்கச் சொல்லலையே, மச்சான்."

அப்பா கத்தத் தொடங்கினார். அதுவரை எதிர்த்துப் பேசியே அறியாத மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்ணு நீங்க உள்ள வாங்க. இல்ல, முன்னால போய் உக்காருங்க. வாசல்லயே நின்னீங்கன்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

அப்பாவால் உள்ளேயும் போக முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. முன்னால் போய், ஏற்கனவே துடைத்த மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாள் மாமா தானே ருசி பார்த்துத்தான் குழம்பை இறக்கினார். அப்பா வைப்பதைவிடச் சோம்பு வாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதே லோரிக்காரர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு யாருண்ணே சமைச்சது?" என்று கேட்டார். "கடையிலதான் சமைச்சது" என்றார் அப்பா, விறைப்பாக. பிறகு வந்த நாட்களில் எதிர்க்கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அப்பா அவர்களோடு உட்கார்ந்து பேசிச் சிரித்ததை அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலில் காவடியை இறக்கினார். விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூஜையும் ஆகி, மாமா சமைத்த கறியை வீட்டில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை கடையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமா அடுப்பை விட்டு விலகி நின்று கரண்டியை நீட்டினார்.

"வாங்க மச்சான்."

அப்பா வாசல்வரை வந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீயே பாத்து இறக்கு. முன்னால ஆளு வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். முன்னால் ஓர் ஆளும் வந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளியிடம் எங்கள் அப்பா கறி சாப்பிட்டாலும் அடுப்படிக்குள் கால் வைப்பதில்லை, விரதம் இன்னும் முடியவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். கரண்டியையும் அவர் முருகனுக்காகத்தான் விட்டார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.