இன்றைக்கு இடம் இல்லை

இது நடந்தது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். எனக்கு இதைச் சொன்னவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால், வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் "இன்றைக்கு இடம் இல்லை" என்று நேராகச் சொல்லி இத்தனை திட்டு வாங்கியிருக்க மாட்டாள். வீட்டில் அவள் பெரியவள். அவளுக்கு ஒரே தங்கை, சின்னவள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

சின்னவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் விமானம். சிறு வயதில் இருவரும் இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையைக் கட்டி, அதற்குள் டார்ச் அடித்துக்கொண்டு, "ஒருநாள் நிஜக் கூடாரத்தில் தூங்குவோம்" என்று பேசிக்கொண்டதுண்டு. அந்த ஒருநாள் வரவே இல்லை. இனி வருவதென்றால் இந்த மூன்று வாரத்துக்குள் வந்தாக வேண்டும்.

"ஒரு ராத்திரிதானேக்கா. மரத்தடியில படுக்கிறதுக்கு என்ன பெரிய கஷ்டம்?" என்றாள் சின்னவள்.

என்ன கஷ்டம் என்று பெரியவளுக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

ஏரிக்கரை முகாமில் கூடாரம் அடிக்க இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். கடிகாரம் ஏழு அடித்து ஓய்வதற்குள் எல்லாக் கட்டமும் சிவப்பாகிவிடும். முதல் நாள் கடவுச்சொல் மறந்துபோயிற்று. இரண்டாம் நாள், கைபேசிக்கு வர வேண்டிய ரகசிய எண் அவள் குளித்துத் தலை துவட்டிய பிறகு நிதானமாக வந்து சேர்ந்தது. இன்னொரு நாள் ஒரு கட்டம் பச்சையாக இருந்தது. பாய்ந்து அமுக்கினாள். 'இந்த இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்' என்றது திரை. யார் அந்த வேறொருவர்? தூங்கவே மாட்டாரா?

பிறகு ஒருநாள் இடம் கிடைத்தேவிட்டது. அக்காளும் தங்கையும் கைகோத்துக் குதித்தார்கள். மத்தியானம் செய்தி வந்தது. அது காரின் பின்னால் இழுத்து வரும் வண்டி வீடுகளுக்கான இடமாம், அங்கே கூடாரம் அடிக்கக் கூடாதாம். ரத்து.

"பல்லுக்கு இடம் கேட்டு உன்கிட்ட வந்து திரும்பிப் போனாங்களே, அவங்க விட்ட சாபம்க்கா இது," என்று சின்னவள் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசியைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. நாள் முழுக்க ஊராருக்குச் சொன்ன மூன்று வார்த்தை இப்போது வட்டியும் முதலுமாகத் தனக்கே திரும்பி வருகிறதே என்று நொந்துகொண்டாள். கடைசியில் போனால் போகிறதென்று காத்திருப்போர் வரிசையில் பெயரைப் போட்டு வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எட்டு மணி பத்து நிமிடம். மருத்துவமனைக் கணினியை அணைக்கும்போது கைபேசி அதிர்ந்தது.

'ஒன்பதாம் எண் இடம் காலியாகியுள்ளது. நாளை இரவு. உடனே உறுதி செய்யவும்.'

அமுக்கினாள். பச்சை! பெரியவள் நல்ல மனசுக்காரி. யார், எதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரியாது. ஆனாலும் கண்ணை மூடி, "இடத்தை விட்ட அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும் கடவுளே," என்று சொன்னாள்.

அந்த வேண்டுதலை அவள் பின்னால் பல தடவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் அவர்கள் போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை. வாசல் அறையில் தொப்பி போட்ட காவலாளி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எண்ணைக் கேட்டதும் அவர் கை சற்று நின்றது.

"ஒன்பதா..."

"ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா. கோடியில இருக்கு. அமைதியான இடம்."

அமைதிதான். மற்றக் கூடாரங்கள் எல்லாம் தண்ணீரோரம், புதர் வரிசைக்கு அந்தப் பக்கம். இங்கே இவர்கள் இரண்டு பேர் மட்டும். கூடாரக் கம்பிகள் ஒன்றுக்கொன்று சேர மறுத்தன. முளை அடிக்கச் சுத்தியல் வேண்டும் என்று எந்தப் பாவியும் சொல்லியிருக்கவில்லை. பெரியவள் செருப்பைக் கழற்றி அடித்தாள். முளை வளைந்தது. இன்னொன்று அடித்தாள். அதுவும் வளைந்தது.

"செருப்பால அடிக்கிறியேக்கா."

"இடம் புக் பண்றதுக்கு அந்த வெப்சைட்டைக் கண்டுபிடிச்சான் பாரு, அவன் கையில கிடைச்சா அவனை அடிப்பேன். இப்போதைக்கு முளைதான் கிடைச்சிருக்கு."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"இது ஒன்பதுதானேம்மா?"

இருவரும் திரும்பினார்கள். ஒரு மனிதர், அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஒரு பக்கம் முழுக்க மண். தோளில் கூடாரப் பை. சரளைக்கல் பாதையில் கார் வந்த சத்தம் இல்லை. நடந்து வந்த சத்தமும் இல்லை.

"நான் ரெண்டு ராத்திரிக்குப் புக் பண்ணியிருந்தேன். நேத்தே வந்திருக்கணும். வழியில தாமதமாயிடுச்சு."

பெரியவளுக்கு உச்சந்தலை கொதித்தது. இத்தனை பாடுபட்டும் ஒரே இடத்துக்கு இரண்டு பேரா? அந்த மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கும் முகம் எப்படி வாடும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"இடம் பெரிசாத்தான் இருக்கு சார். அந்தப் பக்கம் அடிச்சுக்கோங்க," என்றாள்.

சின்னவள் கிள்ளினாள். "யாருன்னே தெரியாதேக்கா."

"இருட்டிடுச்சுடி. பாவம், வயசானவர் எங்க போவார்?"

அவர் கூடாரத்தை நிமிடத்தில் எழுப்பிவிட்டார். முளை அடித்த ஓசை ஒன்றுகூடக் கேட்கவில்லை. பெரியவள் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு குவளைத் தேநீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விரல் பட்டது... ஐஸ்கட்டி மாதிரி.

"உங்க டென்ட்டை அந்தச் சரிவுல போடாதீங்க. ராத்திரி தண்ணி அது வழியாத்தான் வரும்," என்றார்.

வானத்தில் மேகமே இல்லை. இருந்தாலும் முனகிக்கொண்டே முளைகளைப் பிடுங்கி மேட்டில் அடித்தார்கள்.

"நான் ரெண்டு பேருக்குப் புக் பண்ணினேன்," என்றார் அவர், பாதையையே பார்த்தபடி. "பையன் பின்னாடி வர்றான்."

"வரட்டும் சார். அதனால என்ன?"

"வேண்டாம்மா." குரல் தாழ்ந்தது. "வந்தான்னா, இங்க இடம் இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டான். சின்னதுலேருந்து நான் எங்க போனாலும் என் பின்னாடியே ஓடி வருவான்."

சின்னவள் சும்மா இராமல், "எங்க அக்காவுக்கு அதுதான் சார் வேலையே. நாள் பூரா இடம் இல்லைன்னு சொல்லித்தான் சம்பளம் வாங்குறா," என்றாள்.

அவர் முதல்முறையாகப் பெரியவளை நேராகப் பார்த்தார்.

"அப்போ நீங்கதாம்மா சரி."

மழை இரவு இரண்டு மணிக்கு மேல் பிடித்தது. சடசடவென்று... துணியே கிழிந்துவிடும் போல. பெரியவள் டார்ச்சை அடித்து வெளியே பார்த்தாள். சாயங்காலம் கூடாரம் நின்ற சரிவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் டார்ச்சை எதிர்க் கூடாரத்தின் பக்கம் திருப்பினாள்.

இரண்டு நாற்பது. மழைக்கு நடுவே ஒரு குரல்.

"அப்பா..."

ஜிப்பைத் திறந்தாள்.

இருபது வயதுப் பையன். வெறுங்கால். மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை. மருத்துவமனையில் நோயாளிக்குக் கட்டுவார்களே, அது.

"எங்க அப்பா இங்க இருக்காராக்கா?"

சின்னவள் எழுந்து பார்த்தாள். "ஐயோ பாவம், நனையுறான். உள்ள கூப்பிடுக்கா."

"நனையல," என்றாள் பெரியவள். "தலையைப் பாரு."

அவ்வளவு மழையிலும் முடி காய்ந்திருந்தது.

எதிர்க் கூடாரத்துக்குள் மங்கலாக வெளிச்சம். உள்ளே உட்கார்ந்திருந்த உருவம் தலையை மெல்ல ஆட்டியது. வேண்டாம்... வேண்டாம்...

பெரியவள் யாரையும் மழையில் நிறுத்தியவள் இல்லை. கடவுளே, இதென்ன சோதனை என்று எதிர்க் கூடாரத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எட்டு வருடப் பழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது.

"இன்னைக்கு இடம் இல்ல தம்பி. இன்னொரு நாள் வாங்க."

"ரொம்ப தூரம் வந்துட்டேன்க்கா..."

"தெரியுதுப்பா. வந்த வழியே திரும்பிப் போங்க. வீட்ல தேடுவாங்க."

அவன் நின்றான்.

எதிர்க் கூடாரத்தைப் பார்த்தான்.

திரும்பினான்.

சேற்றில் கால் பதியவில்லை.

வெளிச்சம் அணைந்தது.

"நல்லா இருங்கம்மா..." காதோரம் ஒரு குரல். அங்கே யாரும் இல்லை.

காலையில் எதிர்ப்பக்கம் கூடாரம் இல்லை. முளை அடித்த துளைகூட இல்லை. எங்கும் சொதசொதவென்று ஈரம். கூடாரம் இருந்த இடத்தில் மட்டும் நீள்சதுரமாக, காய்ந்த புல். அதன் நடுவே அவள் கொடுத்த குவளை, ஒரு சொட்டுக் குறையாமல் தேநீரோடு.

வாசல் அறையில் தொப்பிக்காரர் அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னுதாம்மா நேத்து சொல்லல. அந்த இடத்தைப் புக் பண்ணினவர் வெள்ளி சாயங்காலம் வர்ற வழியில லாரியில மோதிட்டார். கடைசியா அவர் எங்களுக்குத்தான் போன் பண்ணி வழி கேட்டிருந்தார். அதனால போலீஸ் முதல்ல எங்களைத்தான் கூப்பிட்டாங்க. அவர் அங்கேயே போயிட்டார். அப்புறம்தான் ஆபீஸ்ல அவர் புக்கிங்கை ரத்து பண்ணினாங்க."

"கூட யாராவது..."

"பையன். நினைவில்லாம ஆஸ்பத்திரியில கிடக்கான்."

பெரியவள் மேசைமேலிருந்த பேனாவை எடுத்தாள். "அவன் கண்ணு முழிச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார்," என்று தன் வேலை இடத்து எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தப் பையனைப் பெற்ற, முகம் தெரியாத ஒரு தாய்க்காக ஒரு விளக்கு ஏற்றினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், மேசைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம், பல் மருத்துவமனை."

மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல். அழுது அழுது கரகரத்த குரல். பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே கண் விழித்துவிட்டானாம். இப்போதுதான் நன்றாகப் பேசுகிறானாம். மணி மூன்றுகூட ஆகவில்லை அப்போது, என்றாள் அந்தத் தாய். முகாமிலிருந்து எண் கிடைத்ததாம். பெரியவள், "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்கம்மா," என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். ஓர் இளங்குரல் குறுக்கிட்டது.

"அம்மா, இந்தக் குரல்தான்."

அப்புறம் மூச்சு. நெருக்கத்தில்.

"அக்கா... இன்னொரு நாள் வாங்கன்னு சொன்னீங்க. எந்த நாள்னு சொல்லலையே?"

வரவேற்பறையில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கணினித் திரையில் முன்பதிவுக் கட்டங்கள் திறந்தே இருந்தன. எட்டு வருடத்தில் முதல்முறையாகப் பெரியவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"இப்போதைக்கு எதுவும் காலியா இல்ல தம்பி. நீங்க கிழவனாகிறவரைக்கும் இல்ல."