பாவுக்கு முன்னால் நின்றவன்

எனக்கு வாய் முரடு. அதை நான் மறைத்ததில்லை. மச்சான் மகளுக்குப் பரிசம் போட்ட அன்று மாப்பிள்ளை வீட்டார் சோற்றைக் குறை சொன்னார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள் என்றேன். கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் மச்சான் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் என் மனைவியின் அண்ணன், எதிர்வீட்டுக்காரர்.

செட்டியார்பட்டியில் எங்களுடையது நெசவாளர் தெரு. துணியின் நீளத்துக்கு ஓடும் நூல்தான் பாவு. விடிந்ததும் அதைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயும்வரை நீவ வேண்டும். கையெடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவு வீணாகிவிடும். அதனால் ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து நிற்கும்.

மகளின் கல்யாணச் சேலைக்குப் பாவு போட்ட அன்று மச்சான் எல்லா வீட்டையும் கூப்பிட்டார், என் வீட்டைத் தவிர. நான் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"கூப்பிடாத எடத்த என்ன பாத்துக்கிட்டு? உள்ள வாங்க," என்றாள் மனைவி. நான் போகவில்லை.

கஞ்சி ஈரமாக இருக்கும்போது ஒரு கூண்டு வண்டி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போகும் பெரிய மனிதர் ஒருவருடையது. பாவு விரித்திருந்தால் வண்டிகள் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போகும். இந்த வண்டிக்காரனோ காளைகளை முடுக்கினான்.

"ஏலே, அவுத்து ஒதுக்குங்கலே! அய்யா உள்ள இருக்காக!"

ஒருவரும் பாவிலிருந்து கையெடுக்கவில்லை. குச்சியைத் துப்பிவிட்டு ஓடி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன்.

"எந்த அய்யா இருந்தா எனக்கென்ன? சுத்திப் போலே!"

"தேர் கெளம்பிருமே!"

"நீ போயி சேரையில அது முதல் முக்குகூடத் திரும்பியிருக்காது. போலே!"

சாட்டை என் தோளில் விழுந்தது. கயிற்றை விடவில்லை. துணைக்கு யாராவது வருவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் தலை நிமிராமல் நீவிக்கொண்டிருந்தார்கள், மச்சானும்தான். அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தையும் சேர்த்து வண்டிக்காரன் மேல் கொட்டினேன். கடைசியில் கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "திருப்புடா. இவன்கிட்ட மனுசன் பேச முடியாது."

வண்டி கண்மாய்க்கரைக்குத் திரும்பியது. நான் நேரே மச்சானிடம் போனேன்.

"நான் அடி வாங்குனது ஒருத்தர் கண்ணுலயும் படலையோ?"

அவர் கை நிற்கவில்லை. "நீரு விடமாட்டீருன்னு எல்லாருக்கும் தெரியும். நாங்க எதுக்குக் கையெடுக்கணும்? பேசாம அந்தக் கடைசியப் பிடியும் மாப்ளே, ஒட்டப் போவுது."

பிடித்தேன். தோள் எரிந்தது. இந்தத் தெரு என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை, என்னை நம்பித்தான் அவர்கள் குனிந்து வேலை செய்திருக்கிறார்கள். நான் மாறவில்லை. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாவில் ஓர் இழைகூட அறவில்லை. கல்யாணத்தன்று பந்தியைப் பார்த்துக்கொள்ள மச்சான் என்னைத்தான் நிறுத்தினார். சோற்றை யாரும் குறை சொல்லவில்லை.