சும்மா ஓடுகிறவன்

எங்கள் பக்கத்தில் யாரும் காரணமில்லாமல் ஓட மாட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், மழை வந்தால் காயப்போட்டதை அள்ள ஓடுவார்கள். ஆனால் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில், காலை வேளையில், ஒருவன் வேர்த்து விறுவிறுத்து ஊரைப் பார்த்து ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது. விருதுநகரில் பிறந்த எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஓடுகிற வேகத்தில் மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டம் எப்படி வந்து தொற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங். அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. சீசனில் மூட்டைகள் வந்து இறங்கும்போது தெருவே தும்மும். எனக்குத் தும்மலோடு நிற்காது. கட்டிலில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விடிய விடிய மூச்சை இழுப்பேன். பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் மற்றவர்களின் வாட்சுகளுக்குக் காவலாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

இன்ஜினியரிங் முடித்துச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ரூம் எடுத்துத் தங்கினேன். சிவகாசியில் நல்ல காற்றா என்று சிரிக்காதீர்கள். வத்தல் நெடிக்குள் வளர்ந்தவனுக்கு அது மலைக் காற்று. சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆஸ்துமாவை வைத்துக்கொண்டே நெடுந்தூரம் ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன். தை மாதம் சென்னையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருப்பது தெரிந்தது. அதை ஓடி முடித்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதுவரை நான் சேர்ந்தாற்போல் ஒரு தெரு நீளம்கூட ஓடியதில்லை.

நெஞ்சு டாக்டர் தடுக்கவில்லை. தினமும் எடுக்க ஓர் இன்ஹேலர், அவசரத்துக்குப் பையிலேயே இருக்க ஒரு நீல நிற இன்ஹேலர், மூச்சின் வேகத்தை அளக்கக் காலையில் ஊதிப் பார்க்க ஒரு குழாய். குழாயில் முள் இறங்கியிருந்தால் அன்று ஓட்டம் கிடையாது.

தடுத்தது அம்மாதான். தடுத்துப் பார்த்து, தோற்று, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "ஓடு. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இன்னொரு தடவை ஒன்னைய ஆஸ்பத்திரி கட்டில்ல பாத்தேன், அந்தச் செருப்பத் தூக்கித் தெப்பக்குளத்துல போட்ருவேன்." அம்மாவுக்கு ஷூவும் செருப்புதான். அவர் சொன்னால் செய்வார். ஆகவே என் ஓட்டம் முழுக்க அந்தக் கட்டிலில் போய்ப் படுக்காமல் இருப்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறுகளில் சைக்கிளில் விருதுநகர் போய்த் திரும்புவேன். ஆடிக் காற்று எதிரே அடித்தால் மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் வெம்பக்கோட்டை ரோட்டில் இருட்டு விலகும்போது கிளம்பி, பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்த் திரும்புவேன்.

அப்படித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எதிரே வந்த கம்பெனி பஸ் கிறீச்சென்று நின்றது. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நிறைந்த பஸ். ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள்.

"எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனிலப்பா?"

எனக்குப் புரியவில்லை. "எது எந்தக் கம்பெனிக்கா?"

"வெடிச்சது!"

"எங்கயும் வெடிக்கலைக்கா. நான் சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?"

"உடம்புக்கு."

ஜன்னல் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு டிரைவர் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஒடம்புக்கு ஓடணும்னா ஒனக்கு இந்த ரோடுதானாலே கெடைச்சுது?"

"இருக்கதே எலும்புந் தோலும்தான். இதுல எதைக் கரைக்கப் போறாகளாம் தொரை?" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஆனால் கடைசி ஜன்னலில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஓடி வந்த திசையில் இருக்கிற கம்பெனியில் அவள் தங்கை வேலை பார்க்கிறாளாம்.

முன் சீட்டில் இருந்த அக்கா ஜன்னல் கம்பியில் தட்டி என்னைக் கூப்பிட்டார். மடியில் பச்சை ஒயர்கூடை வைத்திருந்தார்.

"இங்கன பாரு தம்பி. நீ ஓடு, பறந்துகூடப் போ. ஆனா ஒண்ணும் ஆகலைன்னு எங்களுக்குத் தெரியணும். பஸ்ஸப் பாத்ததும் கையத் தூக்கி ஆட்டு. கை மேல இருந்தா ஒண்ணுமில்லைன்னு நெனைச்சுக்கிடுதோம். என்ன?"

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. தூரத்தில் பஸ்ஸின் மஞ்சள் விளக்கு தெரிந்ததும் வலது கையைத் தூக்கி ஆட்டுவேன். பஸ் ஜன்னல்களிலிருந்து வளையல் கைகள் பதிலுக்கு ஆடும். "இன்னைக்கு லேட்டுலே!", "சாப்ட்டுட்டு ஓடுலே!" என்று கடந்துபோகிற ஒரு நொடியில் நாலு கிண்டல் விழும். ஒருநாள் அவர்கள் எறிந்த வாழைப்பழத்தைத் தவறவிட்டதற்கு ஒரு வாரம் கேலி. ஆவணி முடிவதற்குள் நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடினேன். அதை முதலில் யாரிடம் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? எதிரே வந்த பஸ்ஸிடம் கத்திச் சொன்னேன்.

புரட்டாசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. குழாயில் முள் ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்புகிற வழியில் ரோட்டோரம் யாரோ ஈரக் குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை மேலே எழாமல் ரோட்டை மூடிக் கிடந்தது. அதைத் தாண்டி வருவதற்குள் நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கிய மாதிரி ஆகிவிட்டது. நீல இன்ஹேலரை அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். பிடிக்கவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சைத் தேடினேன்.

பஸ் வந்தது. கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன். முழங்காலிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவேன் போலிருந்தது.

பஸ் என்னைக் கடந்து போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு ரிவர்ஸில் வந்தது.

"கையத் தூக்கலைக்கா அவன், நாந்தான் பாத்தேன்," என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இறங்கியது நினைவிருக்கிறது. அன்று அழுத அதே பெண். என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். யாரோ தூக்குவாளி மூடியால் விசிறினார்கள். "லேட்டாப் போனா ஃபோர்மேன் கத்துவாரே, தீவாளி சீசன் வேற," என்றது ஒரு குரல். "கத்தட்டும். கம்பியப் பிடிச்சு ஒக்காருங்க," என்று டிரைவர் அந்தக் குறுகிய ரோட்டில் பஸ்ஸைத் திருப்பினார். பச்சைக் கூடைக்கார அக்கா என் செல்போனில் அம்மாவைத் தேடிக் கூப்பிட்டார்.

சிவகாசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு நான் படுத்திருந்தபோது அம்மா விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தார். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "வெடியா?" என்பதுதானாம். அந்த அக்கா மட்டும் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார்.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூவை எடுத்துத் தன் பையில் போட்டார்.

"அல்லா காப்பாத்துனான். அடுத்து நீங்கதான்," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி இவன் ஓட மாட்டான். நீங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம்."

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "கோவிச்சுக்கிடாதீக," என்று ஆரம்பித்தார். "அந்த ரோட்டுல ஒருத்தன் ஓடியாந்தா யாரு போய்ட்டாளோன்னுதான் எங்களுக்குத் தோணும். அப்படித்தான் எங்க காலம் பூராம் போச்சு. இப்ப தெனமும் ஒருத்தன் ஓடியாரான், எதுவும் வெடிக்கலை. அதப் பாத்துட்டு உள்ள போய் உக்காந்து வேல பாக்கது எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா? வைத்தியம் பாத்து அனுப்புங்கம்மா. அடியோட நிறுத்திப்புடாதீக."

அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். ஷூ பையோடு விருதுநகர் போய்விட்டது.

டாக்டர் மருந்தை மாற்றினார். அந்தத் தையில் சென்னைக்குப் போகவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. ஓட்டம் இல்லாததால் சைக்கிளை மட்டும் மெதுவாக மிதித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி வரை போனேன். கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் என்னையும் பக்தன் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். அளவுக் குழாயில் முள் நாள்தோறும் ஏறியதை அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் "ம்" என்பார்.

கம்பெனிகள் பூஜை போட்டுத் திறக்கிற வாரம் வீட்டுக்குப் போனபோது, என் கட்டிலடியில் ஷூ இருந்தது. துவைத்து, வெயிலில் காயவைத்து, பழைய நாடாவை உருவிப் புது நாடா கோத்திருந்தது.

"கெளம்பையில ஒரு மிஸ்டு கால், வந்ததும் ஒரு மிஸ்டு கால்," என்றார் அம்மா. "ரெண்டாவது வரலைன்னா நான் பஸ் ஏறிருவேன்."

சென்னை ஓட்டத்தை அடுத்த வருடம் ஓடி முடித்தேன், கடைசியாக வந்தவர்களோடு. ஆனால் எனக்கு மனதில் நிற்பது, ஷூ திரும்பி வந்த பிறகு ஓடிய அந்த முதல் காலைதான். பாலத்தைத் தாண்டியதும் விளக்கு தெரிந்தது. கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். "மெதுவா ஓடுலே, நாங்க எங்கயும் போயிற மாட்டோம்!" என்று பச்சைக் கூடை அக்கா கத்தியது காதில் விழுந்தது. எத்தனை கைகள் வெளியே நீண்டன என்று எண்ண முடியவில்லை, கண் மங்கிவிட்டது.

ரூம் வாசலில் வந்து நின்று, மூச்சு வாங்க, மிஸ்டு கால் கொடுத்தேன். அம்மா எடுத்துவிட்டார்.

"எடுக்காதீகம்மா, காசு போகுது."

"போகட்டும். பேசாத. மூச்சு மட்டும் விடு, நான் கேக்கணும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு, இழுத்து விட்டேன். இழுப்பில் விசில் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.