அருள் பார்க்க வேண்டும் என்று நின்ற புல் ரிக்வெஸ்ட்

1. ஆப் வெள்ளையாக நின்றது

பஸ் ஆப் திறக்கவில்லை என்று முதலில் சொன்னது சரசக்கா. ஓசூர் கம்பெனியில் என் லைனில் பக்கத்தில் நிற்பவர்.

"ஏன்டி ரீட்டா, உங்கண்ணன் ஆப்ப தொறந்தா வெள்ளையா நிக்குது. அஞ்செட்டி பஸ்ஸ உட்டுட்டேன். அடுத்தது எப்பன்னு பஸ் ஸ்டாண்டு நாய்க்குக்கூட தெரியல."

அண்ணன் அருள் மஞ்சள் காமாலையில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் வேறு யாரைக் கேட்பார்?

மலைப் பக்கம் போகும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் ஆப் அது. அண்ணன் எழுதியது. ஓப்பன் சோர்ஸ். அதாவது, ஆப்பை ஓட்டும் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பலாம். அதுதான் புல் ரிக்வெஸ்ட். நாம் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வோம். அது மெர்ஜ். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆப்பில் வரும் தமிழ் வரிகளைத் திருத்துவது மட்டும் என் வேலை. ஆனாலும் அண்ணன் எனக்கு முழு உரிமையும் கொடுத்து வைத்திருந்தான். ஏன் கொடுத்தான் என்று இன்றும் தெரியவில்லை.

2. வாங்க என்று சொல்லவில்லை

போன்களில் புது அப்டேட் வந்ததால்தான் ஆப் நின்றது. அதற்கான திருத்தம் ஏற்கெனவே வந்திருந்தது. அனுப்பியவர் கர்நாடகப் பக்கத்து ஆனேக்கல் மஞ்சுநாத். நான் பதில் போடவில்லை.

துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லமாட்டோம். வருகிறவர்கள் அவர்களாக வந்து உட்காருவார்கள், சொல்லாமல் எழுந்து போவார்கள். கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தானாகப் போகும் 'வாங்க, வாங்க' செய்தியையும் நிறுத்தினேன். அது சரியா என்று கேட்க ஆள் இல்லை.

மஞ்சுநாத் கடைசியாக எழுதியது இது: "அருள் சார், ஏன் இவ்ளோ திமிரு? பாக்கறேன்னு ஒரு வார்த்தை போட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?" எழுதிவிட்டு ரிக்வெஸ்ட்டை அவரே மூடிவிட்டார்.

செத்தவனைத் திட்டுகிறாரே என்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், செத்ததை அவருக்கு யார் சொன்னார்கள்? அவரும் போய்விட்டால் ஆப்பைச் சரிசெய்ய எனக்கு யாரும் இல்லை. அண்ணன் செய்தது அதோடு முடிந்துவிடும்.

3. போன்

மஞ்சுநாத்தின் ப்ரொஃபைல் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. கேன்டீனுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"அருள் தங்கச்சி பேசறேங்க."

"ஓ, சாருக்கு பேசக்கூட ஆள் வெச்சிருக்காரா? பேடா அந்த்ரெ பேடா அன்னி. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க மேடம், அவ்ளோதான்."

"அண்ணன் இல்லீங்க. தவறிட்டாங்க. சாவு வீட்ல வாங்கன்னு சொல்லக்கூடாதில்லீங்களா, அதான் யாருக்கும் ஒண்ணும் போடல."

"இன்டர்நெட்டுக்கும் தீட்டா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நம்ம வீட்லயும் அதே வழக்கம்தான். ஆனா வீடுன்னா வாசல்ல கூட்டத்த பாத்தே தெரிஞ்சிக்குவோம். இங்க எங்களுக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கே ரிக்வெஸ்ட்டைத் திரும்பத் திறந்தார். எப்படிச் சோதிப்பது என்று போனிலேயே சொன்னார். என் போனில் ஆப் திறந்தது. மெர்ஜ் அழுத்தினேன். போகவில்லை. 'அருள் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது.

எதுவும் தன் கண்ணில் படாமல் உள்ளே போகக்கூடாது என்று அண்ணன் அப்படிப் பூட்டி வைத்திருந்தான்.

"ரிவ்யூவர், அதான் பாக்கறவர் பேரை மாத்தணும்மா," என்றார் மஞ்சுநாத். "அவர் பேரை எடுத்துட்டு உங்க பேரை போடணும். அவசரமில்ல."

"அவசரந்தாங்க. மலைக்கு போறவங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க."

ரேஷன் கார்டில் அண்ணன் பெயரை எடுத்தபோது அம்மாதான் அழுதார், நான் அழவில்லை. இதற்கு அழுதேன். ஏன் என்று புரியவில்லை. பெயரை எடுத்தேன். மெர்ஜ் ஆனது. பிறகு நிரல் இருக்கும் தளத்தின் முதல் பக்கத்தில், அருள் இறந்துவிட்டான், இனி அவன் தங்கை பார்ப்பாள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் அவனைத் திட்டவில்லை.

நான் கற்றது கொஞ்சம்தான். புல் ரிக்வெஸ்ட் வந்தால் அன்றைக்கே ஒரு வரி போடுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்பது பிறகு. பார்க்கிறவர் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள்.

போன வாரம் ராயக்கோட்டையிலிருந்து ஒரு பையன் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறான். 'ரீட்டா பார்ப்பதற்காகக் காத்திருக்கிறது' என்று நிற்கிறது. பாதி புரியவில்லை. "வந்துச்சு தம்பி. எனக்கு கொஞ்சம் மெதுவாத்தான் புரியும், கேட்டு கேட்டு பாக்கறேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.