ஆடி மாதத்தில் அடைத்த ஜன்னல்

கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை. குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, பாட்டுக் குரல் முன்போல் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்கும் தலையாட்டினேன். முகம் வெளிறிப்போனது என் வீட்டுக்காரருக்குத்தான். சொந்தக்காரர் கல்யாணங்களில் நலங்குப் பாட்டுப் பாடுகிறவள் நான், அவ்வளவுதான். ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் பந்தி அமளிக்கும் நடுவே பாடிப் பாடி, என் குரலை நானே ஒழுங்காகக் கேட்டதில்லை. போனால் போகட்டும் என்றிருந்தேன்.

"ஆடி கழியட்டும். ஆவணியில ஆபரேசன் வச்சுக்கலாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். டாக்டரும் அவசரமில்லை என்றார். அந்த இடைவெளியில் என் பாட்டைப் பதிவு செய்தே தீருவது என்று இவர் பிடிவாதமாக நின்றார். கல்யாண வீடியோ எடுப்பது இவர் தொழில். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் பதிவு செய்யலாம் என்று ஆகியிருந்த இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மைக் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, சத்தமில்லாத இடம்தான் இல்லை. காரை விற்றபின் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த கார் ஷெட்டைக் காலி செய்தார். ஷட்டர் இருந்த பக்கம் செங்கல் வைத்து அடைத்து, வீட்டுக்குள்ளிருந்து வழி விட்டார். மிச்சம் இருந்தது தெருவைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல்.

எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று எந்த மாதத்தைத் தள்ளி வைத்தோமோ, அது அம்மனுக்கு உகந்த மாதம் என்பதை மறந்துபோனோம். ஜன்னலுக்கு நேர் எதிரே கரண்டுக் கம்பத்தில் கோயில்காரர்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். விடிகாலையில் ஆரம்பித்த அம்மன் பாட்டு, கூழ் ஊற்றி முடித்த பிறகும் ஓயவில்லை. போதாததற்கு, செம்பட்டி போகிற பஸ்களெல்லாம் எங்கள் தெருமுனையில் வந்துதான் ஹாரன் அடிக்கும்.

"கோயில் கமிட்டில சொல்லி, செத்த நேரம் நிறுத்தச் சொல்லவா?" என்று இவர் கேட்டார்.

"சாமி காரியத்த நிறுத்திப்புட்டு நான் பாடணுமாக்கும்? பேசாம இருங்க."

யாரோ சொன்னார்கள் என்று முட்டை அட்டைகளை வாங்கிவந்து ஜன்னல் கதவு முழுக்க ஒட்டினார். ஷெட்டு கோழிப்பண்ணை மாதிரி ஆனதே தவிர, அம்மன் பாட்டில் ஒரு வார்த்தை குறையவில்லை. உள்ளே எழும் எதிரொலியைத்தான் அட்டை குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்பது பிறகுதான் புரிந்தது. நான் சிரித்துவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை மனிதர்.

அடுத்து ஜன்னல் கதவையே கழற்றிவிட்டு, தெருப்பக்கம் தடிமனாக ஒரு கண்ணாடி, உள்பக்கம் அதைவிட மெல்லியதாக ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்து, பசை பூசிப் பொருத்தினார். பஸ் ஹாரன் அடங்கியது. அம்மன் பாட்டு மட்டும் எங்கிருந்தோ கசிந்துகொண்டே இருந்தது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

காற்று நுழைகிற இடத்தில்தானே சத்தமும் நுழையும் என்று தோன்றியது. வெளியே ஆடிக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. சாமி படத்தருகே இருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துவந்து, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்தினேன். நேராக ஏறிய புகை, கீழ் மூலைக்கு வந்ததும் சட்டென்று வளைந்து என் முகத்தில் அடித்தது. மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, கொத்தனார் பூசாமல் விட்ட பிளவு.

"இம்புட்டுத்தானா" என்றார் இவர்.

கண்ணாடிக்குப் பூசிய பசையையே அதிலும் அழுத்தி அடைத்தார். அம்மன் பாட்டு எங்கோ நிலக்கோட்டைப் பக்கம் போய்விட்டது போல் ஆனது. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். மேளக்காரர் கை ஓங்கி விழுகிறது, சத்தம் இல்லை. பெண்கள் குலவையிடுகிறார்கள், நாக்கு மட்டும் அசைகிறது. என் எச்சில் தொண்டையில் இறங்கும் ஓசை எனக்கே கேட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

நலங்குப் பாட்டு ஒன்றைப் பாடினேன். முடித்ததும் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார்.

யாரோ ஒருத்தி பாடினாள். மூச்சு இழுப்பது கேட்டது, சொல்லின் ஓரம் கேட்டது, மேலே ஏறும்போது குரல் மெலியாமல் விரிந்தது. நான்தான் என்று நம்பவே நேரம் பிடித்தது. ஐயோ, இதையா போனால் போகட்டும் என்றேன். அதுவரை அவருக்கு மட்டும் இருந்த பயம் அந்த நிமிடம் எனக்கும் வந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆவணியில் ஆபரேஷன் முடிந்தது. பேச்சு மெல்லத் திரும்பி வந்தது, கொஞ்சம் தடித்து. பாடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒருநாள் மத்தியானம் தனியாக அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பழைய பதிவைப் போட்டு, கூடவே பாடிப் பார்த்தேன். மேலே ஏறும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் நின்றது. பதிவில் இருந்தவள் நிற்காமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அழுதேன். ஆனால் நிறுத்தவில்லை, அவளைப் பாட விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டி வராமல் இருந்திருந்தால், இப்படி ஒருத்தி எனக்குள் இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.