பெரியப்பா விட்டுவைத்த வரி

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் அந்த அஞ்சலட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் ஒன்றிய அலுவலக முகவரி முன்கூட்டியே அச்சாகியிருந்தது. மறுபக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. ஒன்று, காலனி பம்பு, செயின் அறுந்துவிட்டது. இரண்டு, ஊர்த்தெரு பம்பு. அதற்குமேல் எதுவும் எழுதவில்லை.

எழுபதுகளின் கடைசியில், பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரில் ஏரி வறண்டு கிடந்தபோது, இரண்டு ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்தார்கள். ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. இரண்டுக்கும் பெரியப்பா பொறுப்பாளர். ஒரு ஸ்பானர், கிரீஸ் டப்பா, ஒரு கட்டு அஞ்சலட்டை கொடுத்திருந்தார்கள். பழுதென்றால் அட்டை போட வேண்டும், மெக்கானிக் வண்டி வரும். ஒழுங்கான மனிதர். ஞாயிறு தவறாமல் இரண்டு பம்புக்கும் கிரீஸ் போடுவார். அட்டையை வீணாக்குவதும் வண்டியை அலைய விடுவதும் அவருக்குப் பிடிக்காது.

அந்தச் சித்திரையில் காலனி பம்பின் செயின் அறுந்து தண்ணீர் நின்றது. சென்னையில் பத்திரிகை வேலையிலிருந்த நான் விடுப்பில் வந்திருந்தேன். எங்கள் கழனியில் நாற்று நடும் பெண் வாசலுக்கு வெளியே நின்றாள்.

“ஆண்டே, பைப்பு செயினு அந்துபூட்ச்சி. ஒரு கார்டு போட்டுடு.”

“நம்ம தெரு பைப்பும் கடகடன்னு ஆடிக்கினு இருக்குது” என்றார் பெரியப்பா. “நாலு நாள் தாங்கினா அதிகம். அதுவும் நிக்கட்டும், ரெண்டுக்கும் சேத்து ஒரே கார்டா போட்டுடலாம். வண்டி இன்னா, ரெண்டு தபா வருமா?”

“அதுவும் நின்னுபூட்டா ஊரே கெணத்துக்கு வரும். எங்களுக்கும் பேச்சுத்துணையாச்சி” என்றாள். பெரியப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஊர்த்தெரு பம்பைக் காலனிக்காரர்கள் தொடும் வழக்கமில்லை. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் குடங்கள் நிறைந்த பிறகு, மனம் வந்தால், அடித்து ஊற்றுவார்கள். நின்று அலுத்தவர்கள் மணிமங்கலம் பாதையோரக் கழனிக் கிணற்றில் இறங்கினார்கள். பாதிப் படிகள் சரிந்த கிணறு. அடியில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் நீர்.

தினமும் காலையில் பெரியப்பா எங்கள் பம்பின் கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். அது கெடவில்லை. பதினோராம் நாள், நிறைகுடத்தோடு ஏறிய அந்தப் பெண்ணின் காலடியில் படி பெயர்ந்தது. தலை பாறையில் மோதியது. மேலே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

அன்றே பெரியப்பா வேறொரு அட்டை எழுதித் தபாலில் சேர்த்தார். மூன்றாம் நாள் வண்டி வந்தது. அரை மணி நேர வேலை. “அப்பவே ஒரு கார்டு போட்டிருந்தா அப்பவே வந்திருப்போமே, பெரியவரே” என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே.

நான் பத்திரிகைக்கு நான்கு வரி அனுப்பினேன். கிணற்றில் தவறி விழுந்து பெண் சாவு. அட்டையைப் பற்றி எழுதவில்லை. செய்திக்கு அது தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று ஊரைச் சுற்றித் தொழிற்சாலை மதில்கள். தண்ணீர் லாரியில் வருகிறது. முதலில் ஊர்த்தெருவில் நிற்கிறது, மிச்சம் இருந்தால் காலனிக்குப் போகிறது.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியின் முடிவில், பேனா முனையை ஊன்றி நிறுத்திய ஒரு மைப்புள்ளி. அதற்கப்புறம், எங்கள் பம்பு கெட்டதும் எழுத விட்டுவைத்த இடம்.