மூன்றாவது கட்டம்

அடையாள அட்டை அலுவலகத்தில் நான்கு கவுண்டர்கள். மூன்றில் வரிசை ஓடும், நான்காவதில் ஊரும். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு 'சம்மதமா அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

திரையில் வரும் மூன்று சம்மதக் கட்டங்களையும் மற்ற மூவரும் யாரையும் கேட்காமல் தட்டிவிடுவார்கள். இவளோ ஒவ்வொன்றையும் வாசித்து, "சம்மதமா?" என்பாள். ஒரு தடவை ஒரு பெரியவர், "பொண்ணு யாரும்மா?" என்று கேட்டுவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்தவரிடமும் கேட்டாள். அவள் படிப்புக்கும் வேலைக்கும் அவளைக் கேட்காமலே தலையாட்டிய அண்ணன் ஒருவர் உண்டு. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேலதிகாரி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இன்னிக்கும் எண்பது பேர் முடியலன்னா, நாளையிலேர்ந்து நீங்க ரெக்கார்டு ரூம்தான்."

ஜன்னல்கூட இல்லாத அறை அது. மனித முகம் பார்க்காமல் அவளுக்குப் பொழுது போகாது.

அந்த நேரம் பார்த்துச் சலவைக் கடைக்காரர் ஒருவர் தம் மனைவியைக் கூட்டிக்கொண்டு, அவளுக்கு அட்டை எடுக்க வந்தார்.

"சம்மதமா?"

"அவளுக்கு என்னங்க, எல்லாம் சம்மதம்தான்," என்றார் கணவர்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். ஒரு தட்டு தட்டினால் நாற்காலி பிழைக்கும். அவள் தட்டவில்லை. மனைவியைப் பார்த்து, "உங்களைத்தான் கேக்குறேன்," என்றாள்.

"இன்னொரு தடவை படிங்க," என்றாள் மனைவி.

முதல் இரண்டுக்கும் அந்தப் பெண் தலையாட்டினாள். மூன்றாவது, போன் நம்பரை வெளிக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது.

"வேணாம்னா அட்டை வராதா?"

"வரும். அது உங்க இஷ்டம்."

"அப்ப வேணாம்."

அதிகாரியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டு, எரிச்சலோடு வைத்தார்.

"மனை வாங்குறீங்களான்னு காலையிலேர்ந்து ஏழாவது தடவை," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "இந்த மூணாவது கட்டந்தானா?"

"உங்ககிட்ட கேட்டாங்களா சார்?"

"யாரும் கேக்கல. எடுத்துட முடியுமா?"

"வரிசையில வாங்க சார்," என்றாள் சலவைக் கடைக்காரர் மனைவி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனிதர் அசடு வழிந்தபடி கடைசியில் போய் நின்றார். நின்றவர் தமக்கு முன்னால் இருந்தவர்களிடம், எந்தக் கட்டத்துக்கு என்ன சொல்வதென்று ஆலோசனை வேறு கேட்டார்.

அறுபத்து மூன்றாவது ஆளாக அவர் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றாவதற்கு அவர் "வேணாம்" என்றது வாசல்வரை கேட்டது. எழுந்ததும் தயங்கினார்.

"ரெக்கார்டு ரூமுக்கு ஒரு ஆள் வேணுமே. நீங்க போறீங்களா?"

உத்தரவு கேள்வியாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்குச் சம்மதமில்ல சார்."

முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சொன்னாள். சொல்ல அவ்வளவு நன்றாக இருந்தது.